களிறு கண்ட சிறார்

நகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய நிலைக்களன் நான்கனைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துரைக்கின்றார். அவற்றுள் எள்ளலும் மடனும் நிற்க, இளமையும் பேதைமையும் அவ்வரிசையில் இடம்பெற்றிருத்தல் ஈண்டு நம் கருத்தை ஈர்க்கின்றது. சிறாருடைய சொல்லும் செயலும் காண்போர்க்கு நகை விளைப்பன. அந்நகை இகழ்ச்சியின்பாற் பட்டதன்று, உவகையொடு கலந்தது என்று கொள்ளினும், நகைப்பவர் பெரியோரே. சிறார் மெய்ப்பாட்டிற்கு நிலைக்களனாக வருகின்றனரேயன்றி, மெய்ப்பாடு உடையோராக வருகின்றாரல்லர். சிறார் தாமே வியத்தலும் அஞ்சுதலும் நோதலும் நம் பழஞ்செய்யுளில் உளவா? உளவாயின், அவர்தம் பிள்ளைமையைப் பெரியோர் யாங்ஙனம் தத்தம் கருத்திற்கேற்ப வனைந்துகொண்டனர்? புறநானூற்றுப் பாடல் சிலவற்றை முன்வைத்து இதனை ஆராய்வாம்.

தமிழிற் குழந்தையைப் பாடிய இலக்கியம் யாது என்று வினவின், பிள்ளைத்தமிழ் என்று விடையிறுத்தல் நம்மனோர் வழக்கம். அவ்விடையை நாம் முற்றும் உடன்படுதற்கில்லை. காப்பு முதலாகச் சிறுதேர் ஈறாக ஆண்பாற்கு ஓதப்பெற்ற பருவம் பத்தனையும் நோக்குக. பருவந்தோறும் பாட்டின் இறுதியில் நிற்கும் வினைகள் யாவை? ஆடுக, கொட்டுக, தருக, வருக, முழக்குக, உருட்டுக என்பனவே. ஏவலும் வியங்கோளுமாகிய இவ்வினைகளைத் தாங்கி நிற்பது பெரியோர் வாய். சிற்றிற் பருவத்தில் மட்டும் சிதைத்தல் வேண்டா என்னும் எதிர்மறை ஏவல் வருதலின், ஆண்டுக் குழந்தை தன் விருப்பால் ஒன்று செய்தது என்று நாம் உய்த்துணர்கின்றோம். அச்செயலும் தடுக்கப்படும் செயலாகவே பாட்டினுள் நுழைகின்றது. அம்புலிப் பருவமோ திங்களை நோக்கிச் சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களையும் கையாள்கின்றது. வேந்தர் பகைவர்மாட்டு வழங்கும் சூழ்ச்சி தொட்டிலருகே வந்து நிற்றல் புலவர்க்குச் சுவை. குழந்தைக்கு அதனால் ஆவது ஒன்றில்லை. பிள்ளைத்தமிழின் கவிநலத்தை நாம் குறைத்துரைக்கின்றோமல்லோம். அது தாய்மை பூண்ட புலவர் உள்ளத்தைக் காட்டும் இலக்கியம். குழந்தையின் உள்ளத்தைக் காட்டும் இலக்கியம் அன்று என்பதே நம் துணிபு.

பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய 188 ஆம் பாட்டு இதற்கு நேர்மாறான நெறியிற் செல்கின்றது. செல்வம் பல படைத்துப் பலரோடு உண்ணும் பெருவாழ்வினராயினும், மக்கட்பேறு இல்லாதார் வாழ்நாளிற் பயன் கண்டாரல்லர் என்பது அப்பாட்டின் கருத்து. ஆயின் பாட்டின் உயிர் இக்கருத்தில் இல்லை. நெய்யுடைச் சோற்றைக் குழந்தை என்ன செய்தது என்று அடுக்கிச் செல்லும் வினைகளில் உள்ளது. குறுக அடியிட்டு நடத்தலும், சிறுகையை நீட்டலும், தொடுதலும், வாயாற் கவ்வலும், கையாற் பிசைதலும், மெய்யெல்லாம் சிதறிக்கொள்ளுதலும் ஆகிய அனைத்தும் குழந்தைக்கே உரிய வினைகள். செய்க என்று ஏவுவாரும் செய்யற்க என்று விலக்குவாரும் ஆண்டு இலர். வேந்தன் ஒருவன் தன் உண்கலத்தருகே வாளா இருந்து நோக்குகின்றான். இன்பத்தால் மயங்குவோர் பெரியோர். மயக்கும் ஆற்றல் சிறாருடையது. ஆள்வோனாகிய புலவன் ஆளாது இருந்த ஒரு பொழுதை இப்பாட்டுக் காட்டுகின்றது எனலாம்.

திருக்குறளில் மக்கட்பேறு கூறும் அதிகாரத்தில் இரு நோக்கும் அடுத்தடுத்து நிற்றல் காணலாம். பரிமேலழகர் கொண்ட வைப்புமுறைப்படி, 64 முதல் 66 வரையுள்ள குறட்பாக்கள் குழந்தையின் கையும் மெய்யும் மழலையும் தரும் இன்பத்தைக் கூறுவன. 67 ஆம் குறளில் அவையம் வந்துவிடுகின்றது. தந்தை மகனை அவையில் முந்தியிருக்கச் செய்தல் வேண்டும்; தாய் பிறர் வாய்ச் சான்றோன் எனக் கேட்டல் வேண்டும்; மகன் தந்தைக்கு உலகத்தாரிடம் புகழ் ஈட்டித் தருதல் வேண்டும். கூழ் அளைந்த கைக்கும் அவைக்கும் இடையே கழிந்த ஆண்டுகளைப் பற்றி வள்ளுவர் ஒன்றும் உரைத்திலர். அவ்வாண்டுகளில் நிகழ்வது யாது என்பதனைப் புறப்பாடல்களே நமக்குப் புலப்படுத்துகின்றன.

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடிய 77 ஆம் பாட்டினை எடுத்துக்கொள்வாம். காலிற் கிண்கிணி நீங்கி வீரக்கழல் ஏறியது. தலையிற் குடுமி நீங்கி வேம்பின் தளிர் ஏறியது. கையிற் சிறுதொடி நீங்கி வில் ஏறியது. உறுப்புத்தோறும் ஒன்று களைந்து ஒன்று பூட்டப்படுகின்றது. தேர்மீது நிற்கும் அவன் மார்பிற் கிடந்த தாலி மட்டும் இன்னும் களையப்படவில்லை என்கின்றார் புலவர்; பால் மறந்து சோறுண்டதும் அன்றைக்கே என்கின்றார். அத்தாலி ஐம்படைத்தாலி. சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்னும் திருமாலின் ஐம்படைகளையும் சிற்றுருவாக்கிக் காப்பாக அணிவித்தது அது. பிள்ளைமையின் எஞ்சிய அடையாளம் என்று புலவர் சுட்டும் அவ்வணி தானும் படைக்கல வடிவினதாதல் கருதத்தக்கது. கையில் வில் ஏறுமுன்னரே மார்பில் வில் ஏறிவிட்டது! தாயர் காப்பு என்று கட்டியதும், காலம் வந்தபோது அமைச்சர் போர்க்கோலம் என்று பூட்டியதும் தம்முள் எத்துணைச் சேய்மையின என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இப்பாட்டில் மற்றொன்றும் உண்டு. சினந்து மேல்வந்த வீரரைக் கண்டு அவ்விளையோன் வியந்ததும் இல்லை, இழித்து எண்ணியதும் இல்லை; அவரைப் பற்றிக் கவிழ்த்து அழித்த பின் மகிழ்ந்ததும் இல்லை, தன்னைப் பெரிதாகக் கூறிக்கொண்டதும் இல்லை. பெரியோரை வியவாமையும் சிறியோரை இகழாமையும் கணியன் பூங்குன்றனார் வாழ்ந்து முதிர்ந்து கண்ட தெளிவு. நேற்றுவரை பாலுண்டவனுக்கு அத்தெளிவு யாங்ஙனம் வந்தது? புலவர் இதனைப் புகழாகவே பாடினார், ஐயமில்லை. ஆயினும் வியப்பு நீங்கிய குழந்தை என்பது ஒரு பெரிய இழப்பின் பெயருமாம். அவ்விளையோன் தானே பாடியதாக 72 ஆம் பாட்டு நமக்குக் கிடைத்துள்ளமை இங்குப் பெருந்துணையாகின்றது. பகைவேந்தர் தன்னை இளையன் என்று சொல்லிவிட்டனர் என்பதே அவன் சினத்திற்கு முதற்காரணம். அவரை முரசொடு கைப்பற்றேனாயின் தன் குடிகள் தன்னைக் கொடியன் எனத் தூற்றுக என்றும், மாங்குடி மருதன் தலைவனாகிய புலவர் தன் நாட்டைப் பாடாது நீங்குக என்றும், இரப்போர்க்கு ஈயமாட்டாத வறுமை தன்னைச் சேர்க என்றும் வஞ்சினம் மொழிகின்றான். இளமை நகைக்கு நிலைக்களன் என்ற இலக்கண விதியை அவன் தன் உடம்பில் ஏற்ற பழியாக உணர்ந்தனன். இளையனை இளையன் என்றல் எவ்வாறு வசையாயிற்று? வேந்தர் அவையில் வளர்ந்தவனுக்கு அவ்வாறு ஆயிற்று என்பதே விடை.

பொன்முடியார் பாடிய 312 ஆம் பாட்டு மாணவர் பலரும் அறிந்தது. பெற்றுத் தருதல் தாய்க்கும், சான்றோன் ஆக்குதல் தந்தைக்கும், வேல் வடித்தல் கொல்லனுக்கும், ஒழுக்கம் நல்கல் வேந்தனுக்கும், களிறெறிந்து மீளுதல் மகனுக்கும் கடன் என்று பகுத்துரைக்கும் அப்பாட்டில், ஒரு மகனை ஆக்குதற்கு நால்வர் உழைக்கின்றனர். கடன்களின் பட்டியல் அது; குழந்தை அதனுள் இல்லை. பிறந்தவன் உடனே சான்றோனாகின்றான், சான்றோன் உடனே களம் புகுகின்றான். இப்பாட்டொன்றையே படித்து, பொன்முடியாரைக் கடன் பாடிய கடுமையர் என்று கணிப்பார் உளர். அன்னோர் அவர் பாடிய 310 ஆம் பாட்டினையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். ஆண்டு ஒரு தாய் தன் மகனை நினைக்கின்றாள். பாலூட்டுங்கால் உண்ண மறுத்தான், சினம் இன்றியே சிறுகோல் ஒன்றை ஓங்கினாள், அதற்கு அஞ்சினான். அத்தகையோன் இப்பொழுது களிறுகளை வீழ்த்தியும் அமையாது, மார்பில் அம்பு தைத்திருப்பதைச் சுட்டியவிடத்து அறிந்திலேன் என்று சொல்லிக் கேடகத்தின்மேற் கிடக்கின்றான்.

அச்சிறுகோலை நாம் எளிதிற் கடந்துசெல்லுதல் இயலாது. குழந்தை அஞ்சியது மெய். தாய் சினவாதது மெய். பெரியோர் விளையாட்டாக ஓங்கியதனைச் சிறார் விளையாட்டென அறியார். தாய் அன்று கண்ட அச்சமும் இன்று காணும் அஞ்சாமையும் ஒருவனுடையனவே என்று அவள் தெளியமாட்டாது நிற்கின்றாள். 312 ஆம் பாட்டில் விடுபட்டுப்போன ஆண்டுகள் ஈண்டு ஒரு கோலின் நினைவாக மீண்டும் வருகின்றன. ஒரே புலவர் கடனையும் பாடி, அக்கடனுக்குக் கொடுத்த விலையையும் பாடினார் எனின் பிழையாகாது.

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279 ஆம் பாட்டினை ஈண்டு ஒருவாறு சுட்டிச் செல்வாம். உ. வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றை அச்சேற்றிய பின்னர், வீரத்தாயின் எடுத்துக்காட்டாக மேடைகளில் மிகுதியும் முழங்கிய பாட்டு இது. உடன்பிறந்தானும் கணவனும் முன்னைப் போர்களிற் பட்டனர். பறையொலி கேட்டவள் தன் ஒரே மகனுக்கு வேல் கொடுத்து, வெள்ளாடை உடுத்து, பறந்த குடுமியில் எண்ணெய் நீவி, போர்முகம் நோக்கிச் செல்க என விடுகின்றாள். மகனுக்கு ஆண்டு எத்துணை என்று பாட்டுச் சொல்லவில்லை. அதனை நாமாக வரையறுத்தல் முறையன்று. ஆயின் வினைகள் அனைத்தும் தாயுடையன. மகன் வாய் திறந்தானல்லன், ஒரு செயலும் செய்தானல்லன். எண்ணெய் நீவும் அக்கை குழந்தையை நீராட்டிய கையே. மேடையில் முழங்குவோர் பெரிதும் விட்டுவிடுவது பாட்டின் தொடக்கத்தை. இவள் துணிவு கடிது என்று, காண்பாருடைய சிந்தை நடுங்கும் சொல்லோடு பாட்டுத் தொடங்குகின்றது. மூதிற் பெண்டிர்க்குத் தக்கதே என்னும் உடன்பாடு அதன் பின்னரே வருகின்றது. நடுக்கத்தை நீக்கிப் புகழை மட்டும் எடுத்துக்கொண்டது நம் காலத்தார் செய்த குறை, மாசாத்தியார் செய்ததன்று. பதினைந்து ஆண்டு நிரம்பாதாரைப் போரில் நேராக ஈடுபடுத்தலாகாது என்று 1989 இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை விதித்தது. அந்நடுக்கத்திற்கு உலகம் சட்டவடிவம் கொடுக்க அத்துணைக் காலம் ஆயிற்று.

இனி, இவ்வாராய்ச்சிக்கு உயிர்நிலையான 46 ஆம் பாட்டிற்கு வருவாம். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக் காலில் இடக் கருதியபோது, கோவூர்கிழார் பாடி அவரை உய்வித்தார் என்பது அதன் பின் அமைந்த குறிப்பால் அறியப்படும் செய்தி. கோவூர்கிழார் சந்து செய்வதில் வல்லவர். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது 45 ஆம் பாட்டால் அவர்தம் நாணத்தைத் தூண்டினார்; ஒற்றன் எனக் கருதப்பட்ட இளந்தத்தன் என்னும் புலவனை 47 ஆம் பாட்டால் மீட்டார். அவ்விரு பாட்டும் வழக்குரைக்கும் பாட்டுக்கள். 46 ஆம் பாட்டிலும் வழக்குரை உண்டு. ஆயின் அது பாதியில் நின்றுவிடுகின்றது.

பாட்டு ஒரு துலாக்கோல்போல் தொடங்குகின்றது. ஒரு தட்டில் வேந்தன்: புறாவின் துயர் நீக்கியோன் மரபினன் நீ. மறுதட்டில் சிறார்: அறிவால் உழுது உண்ணும் புலவர்தம் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகுத்துண்டோர் மரபினர் இவர். இதுகாறும் சிறார் சிறாராக வந்திலர். அவரைக் கொல்லத் துணிந்தோனும் அவர் தந்தையின் பகைமை பற்றியே துணிந்தான். காக்க வந்தோரும் அவர் குலத்தின் கொடைமை பற்றியே பேசத் தொடங்கினார். கொலைக்கும் காவலுக்கும் ஒரே நியாயம்: இவர் இன்னார் மக்கள். குழந்தையைக் குலத்தின் பெயரால் அளத்தல் பகைவற்கும் நண்பற்கும் பொதுவாயிற்று.

அதன்பின் புலவர் வாதத்தைக் கைவிட்டு விரலாற் சுட்டுகின்றார். புல்லிய தலையினராகிய இச்சிறார் களிற்றையும் கண்டனர், அழுகையும் மறந்தனர், மன்றத்தை மருண்டு நோக்கினர், முன்னறியாத புதுத்துயர் உடையராயினர். இவ்விடத்துக் கண்டு என்னும் எச்சம் எவ்வினையொடு முடியும் என்பதே நம் வினா. மறந்த என்பதனொடு கூட்டின், அழுதுகொண்டிருந்த குழந்தைகள் யானையைக் கண்ட அளவில் அழுகை மறந்தன என்று பொருள்படும். அழும் என்பதனொடு கூட்டின், யானையைக் கண்டு அஞ்சி அழுத குழந்தைகள், பின்னர் அவ்வழுகையையும் மறந்தன என்று பொருள்படும்.

வகுப்பறைகளில் முன்னைய பொருளே பெரிதும் விரும்பப்படுகின்றது. அதன் கவர்ச்சி வெளிப்படை. தம்மைக் கொல்ல வந்த விலங்கைத் தெருவில் வரும் கோயில் யானைபோல் வியந்து நோக்கும் பிள்ளைமையை எண்ணுந்தோறும் நெஞ்சு உருகும். தொல்காப்பியர் அச்சத்திற்கு விலங்கினையும், மருட்கைக்குப் பெருமையையும் புதுமையையும் நிலைக்களனாகக் கூறினர். பெரியோர் விலங்கு என்று கண்டதனைச் சிறார் பெருமை என்று கண்டனர் என இலக்கணத்தொடு பொருத்திக் காட்டுதலும் எளிது. நாமும் பல்லாண்டு அவ்வாறே எண்ணியிருந்தோம்.

இப்பொழுது நாம் பின்னைய பொருளையே தழுவுகின்றோம். அணித்தாக நிற்கும் வினையை விட்டு அப்பாலுள்ள வினையொடு எச்சத்தைக் கூட்டுதற்கு வலிய காரணம் வேண்டும். இரக்க மிகுதி ஒன்றே அதற்குக் காரணமாகாது. அன்றியும், யானையைக் கண்டு அழுகை மறந்தவர் உடனே துயருற்றனர் என்றல் நிரம்பிய தொடர்ச்சி உடைத்தன்று. மகிழ்ந்தவரை மீண்டும் வருத்துதற்கு இடையில் ஒரு காரணத்தை நாமே புனைந்துகொள்ளல் வேண்டும். களிற்றைக் கண்டு அழுதவர், அதனினும் புதிய ஒன்றைக் கண்டு அவ்வழுகையையும் மறந்தனர் என்று கொள்ளின் தொடர்ச்சி இனிது முடிகின்றது. அப்புதிய ஒன்று யாது? மன்றம். மருண்ட நோக்கு யானைமேற் சென்றதாகப் புலவர் கூறவில்லை. மன்றத்தின்மேற் சென்றதாகவே கூறுகின்றார். அங்கு நின்றோர் மனிதர். சிறாரை ஒத்த சிறாரைப் பெற்றோரும் அவருள் இருந்திருப்பர். விலங்கு கொல்லும் என்பதனைக் குழந்தை அறியும். அதற்கு அழவும் அறியும். மனிதர் கூடி நின்று தம்மை விலங்கின்முன் இட்டு நோக்குவர் என்பதே அதற்குப் புதுமை. அதற்கு எவ்வாறு அழுவது என்று அச்சிறார் அறிந்திலர்.

இவ்வாறு கொள்ளின் பிள்ளைமை என்னும் சொல்லின் பொருளும் திருந்துகின்றது. முன்னைய பொருளில் அது ஆபத்தறியாமை. பெரியோர் நகையொடும் இரக்கத்தொடும் கண்டு இன்புறத்தக்கது. பின்னைய பொருளில் அது பகையறியாமை. தந்தையர் ஒருவரோடொருவர் கொண்ட பகைமை மக்கள் உடம்பில் தீர்க்கப்படும் என்னும் கணக்கை அறியாமை. நெடுஞ்செழியன் அக்கணக்கை இளமையிலேயே கற்பிக்கப்பட்டான். ஆதலின் அவனுக்கு வியப்பில்லை. மலையமான் மக்கள் அதனை மன்றத்தில் நின்று கற்கத் தொடங்குகின்றனர். அத்தொடக்கத்தையே கோவூர்கிழார் புதுத்துயர் என்கின்றார்.

துயரைக் குறிக்கப் புலவர் ஆளும் புன்கண் என்னும் சொல் இச்சிறு பாட்டில் இருமுறை வருதலும் நோக்கத்தக்கது. முதற்கண் அது புலவர்தம் வறுமையைக் குறித்தது. மலையமான் மரபினர் அஞ்சி அகற்றியது அது. இறுதியில் அதே சொல் அம்மரபிற் பிறந்த சிறாருடைய துயருக்கு ஆகின்றது. பிறர் புன்கண் காணப் பொறாதார் மக்கள் முகத்தில் இன்று புன்கண்! இதற்குமேல் வாதம் வேண்டா என்று புலவர் அமைந்தனர். புதுமை என்னும் பொருளில் ஆளப்பட்ட விருந்து என்னும் சொல்லும் அத்தகையதே. விருந்தினரை ஓம்பிய வீட்டுக் குழந்தைகளுக்கு மன்றத்திற் கிடைத்த விருந்து இத்துயர் என்று நம் செவியில் ஒலிக்கின்றது. புலவர் இதனைக் கருதியே பாடினார் என்று நாம் வற்புறுத்துகின்றோமல்லோம். கேட்ட வேந்தன் செவியிலும் அவ்வாறு ஒலித்திருக்கலாம்.

மூன்று பாட்டுக்களில் மூன்று தலைகளைக் கண்டோம். நெடுஞ்செழியன் தலையில் வேம்பு சூட்டினோர் இருந்தனர். மாசாத்தியார் காட்டும் மகன் தலையில் எண்ணெய் நீவத் தாய் இருந்தாள். இச்சிறார் தலை மயிர் நிரம்பாத புல்லிய தலை. அதனைத் தொடுவார் ஆண்டு ஒருவரும் இலர். கோவூர்கிழாரும் தொட்டாரல்லர். காக்க என்றும் அவர் சொல்லவில்லை, கொல்லற்க என்றும் சொல்லவில்லை. சொன்னதைக் கேட்டாயாயின் நீ விரும்பியதைச் செய் என்று வேந்தனிடமே விட்டு ஒதுங்குகின்றார். அச்செய் என்னும் ஏவல், நாம் கண்ட பாடல்களுள் சிறாரை நோக்காது பெரியோனை நோக்கி எழுந்த ஏவல்.